நஞ்சு எங்க இருக்கு?



போன மாதக் கூட்டத்தில் நடந்த ஒரு வாக்குவாதத்தைப் பற்றித்தான் இந்த முறை எழுதப்போறன். வந்தவைக்குத் தெரியும். வராதவைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

துப்புரவுத் தொழிலாளர்களுக்கான அவசர நிதிக்குக் காசு சேர்க்க ஒரு தோழர் ஒரு யோசனை கொண்டுவந்தார். "10 நாள் டீடொக்ஸ் சவால்." சேருகிற ஒவ்வொருவரும் 40 டொலர் கட்டுவது. வீட்டுக்கு ஒரு பெட்டி மூலிகைத் தேநீர் வரும். பத்து நாளும் பகலில் ஜூஸ், இரவில் அந்தத் தேநீர். படம் எடுத்து இன்ஸ்ரகிராமில் போடுவது. தேநீர் விற்கிறவர்கள் பெட்டிக்கு 15 டொலரை எங்கட நிதிக்குத் தருவார்கள். 60 பேர் சேர்ந்தால் 900 டொலர். எங்களைப் போன்ற சின்ன அமைப்புக்கு அது சும்மா விடக்கூடிய காசில்லை. தோழர் நல்ல மனதோடதான் கேட்டார்.

நான் எதிர்த்தேன். கொஞ்சம் சத்தமாகவே எதிர்த்தேன். அந்தத் தொனிக்கு அவரிடம் தனியாக மன்னிப்பும் கேட்டுவிட்டேன். கடைசியில் 11 பேர் வேண்டாம் என்றும் 7 பேர் வேணும் என்றும் கை தூக்கினார்கள். யோசனை தோற்றது. ஆனால் அந்த 7 பேரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. வாடகைப் போராட்டத்திலும் தொழிற்சங்க வேலையிலும் முன்னுக்கு நிற்கிறவர்கள். அவர்கள் ஏன் கை தூக்கினார்கள், நான் ஏன் கத்தினேன், இரண்டையும் எழுத வேணும் என்று நினைச்சன். வாக்கெடுப்பில் வெல்வது ஒன்று, விளங்கவைப்பது வேறொன்று.

அம்மாவின் கதை

இரண்டு வருசத்துக்கு முந்தி, ஒரு மாரிகாலம். அம்மா ஸ்காபரோவில் ஒரு பொதி கட்டும் ஃபக்டரியில் இரவு வேலை. சலரோகம் இருக்கு, பிரஷர் இருக்கு. பிரஷருக்கு அவ எடுப்பது நீரை வெளியேற்றுகிற வகைக் குளிசை. வேலையிடத்து அன்ரி ஒருவர் வட்ஸ்அப் குழுவில் ஒரு தேநீர் விற்றுக்கொண்டிருந்தவா. 14 நாளுக்குரிய பெட்டி. குசினி மேசையில் அந்தப் பெட்டியை நானும் கண்டனான்.

"என்னம்மா இது?"

"உடம்பில இருக்கிற கழிவெல்லாம் போகுமாம் பிள்ளை. அன்ரி எட்டு இறாத்தல் குறைஞ்சிட்டாவாம்."

எனக்கு அன்றைக்கு ஒரு கூட்டம். "கவனமம்மா" என்று சொல்லிப்போட்டு வெளிக்கிட்டுட்டன். பெட்டியைத் திருப்பி, பின்னால் என்ன எழுதியிருக்கு என்று பார்க்கவில்லை.

நாலாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு ஏழு தரம் வயிற்றால போனது. அம்மா பயப்படவில்லை, சந்தோஷப்பட்டா. "நஞ்சு போகுது" என்றா. கால் குறண்டிப் பிடித்தது. "நஞ்சு போகேக்க அப்பிடித்தான் இருக்குமாம்" என்று குழுவில் சொல்லியிருக்கினம். ஒன்பதாம் நாள் விடிய, வேலையால் வந்து குளியலறையில் விழுந்துவிட்டா. அவசரப் பிரிவில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் 2.6. குறைந்தது 3.5 இருக்க வேணும். பொட்டாசியம் இந்தளவுக்கு இறங்கினால் இதயம் துடிக்கிற ஒழுங்கே குழம்பலாம். ஒரு இரவு முழுக்க இதயத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு நரம்பு வழியாகப் பொட்டாசியம் ஏற்றினார்கள்.

தாதி ஒருவர் கேட்டார்: "வேற ஏதாவது எடுத்தவவா? மூலிகை, தேநீர், எண்ணெய்?" அம்மா இல்லை என்றா. பொய் சொல்ல வேணும் என்று சொல்லவில்லை. அவவைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை, தேத்தண்ணி.

வீட்டுக்கு வந்துதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 14 பொருட்கள். இஞ்சி, பெருஞ்சீரகம், தேசிப்புல், இப்படியே போய் நடுவில் ஒன்று: சென்னா.

சென்னா என்றால் நிலாவாரை

கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார்: "இது எங்கட அம்மம்மாமாரின்ர மருத்துவம்தானே? வெள்ளைக்காரன்ர மருந்துக் கம்பனியை நம்புவதை விட இது மேல் இல்லையா? காலனிய நீக்கம் எண்டு நாங்கள் கதைக்கிறது வெறும் வாயாலயா?"

நல்ல கேள்வி. அதனால் காலனியத்தைப் பற்றிப் பேசுவதென்றால் முழுதாகவே பேசுவம்.

நிலாவாரை எங்கட ஆட்களுக்குப் பழக்கமான பேதி மருந்துதான். ஊரில் பள்ளிக்கூட லீவு விட்டதும் பிள்ளைகளை வரிசையில் இருத்தி ஆமணக்கெண்ணெயோ நிலாவாரைக் கசாயமோ கொடுத்த கதையை அம்மா இப்பவும் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவா. சித்த மருத்துவத்தில் நான்கு மாதத்துக்கு ஒரு தரம் பேதி எடுக்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. அதற்கு அந்தக் காலத்தில் ஒரு நியாயம் இருந்தது. வெறுங்காலோடு திரிந்த பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி. பூச்சிக் குளிசை கிடைக்காத காலத்தில் அந்த வீடுகளிடம் வேறு என்ன இருந்தது? கவனியுங்கோ: ஒரு நாள் குடிப்பினம், அன்று முழுக்க வீட்டில் இருத்தி வைத்து, கஞ்சியும் ரசமும் கொடுத்து, அம்மம்மா பக்கத்தில் இருந்து பார்ப்பா. 14 நாள் தொடர்ந்து குடித்துவிட்டு இரவு வேலைக்குப் போகச் சொன்ன அம்மம்மா யாரும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அந்த இலை உலகச் சந்தைக்குப் போனது வேறு கதை. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே மருந்து வணிகத்தில் அதற்குப் பெயர் "டின்னவெலி சென்னா". அதாவது திருநெல்வேலிச் சென்னா. தமிழ்நாட்டின் தெற்கே மழை குறைந்த நிலங்களில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி ஐரோப்பாவின் மருந்துக் கடைகளுக்குப் போனது. இன்றும் அந்தப் பக்கத்துச் சின்ன விவசாயிகள் அதைப் பயிரிடுகிறார்கள். அதே இலை இங்கே பார்மசியில் மலச்சிக்கல் குளிசையாகச் சில டொலருக்குக் கிடைக்கும். எவ்வளவு எடுக்கலாம், ஒரு வாரத்துக்கு மேல் டொக்டரைக் கேட்காமல் எடுக்காதே, இன்ன வருத்தக்காரர் எடுக்காதே என்று போத்தலில் எழுதியிருக்கும். அதே இலையைப் பூப்போட்ட பெட்டியில் போட்டு, "தொன்மை" என்று எழுதி, எச்சரிக்கையை மட்டும் எடுத்துவிட்டால் விலை 40 டொலர். இது காலனிய நீக்கம் இல்லை, தோழர். எங்கட அம்மம்மாவின் பெயரை வைத்து எங்கட அம்மாவிடம் விற்கிற வியாபாரம்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னாவில் இருக்கிற பொருளைப் பெருங்குடலில் வாழும் பக்ரீரியாக்கள் உடைக்கும்போதுதான் அது வேலை செய்யத் தொடங்கும். 6 முதல் 12 மணித்தியாலத்தில் குடலைப் பிழிந்து தள்ளும். தண்ணியும் உப்புச் சத்துகளும் வெளியேறும். உணவின் சத்து அதற்கு முதலே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டிருக்கும். ஆகவே குறைகிற "எட்டு இறாத்தலில்" பெரும்பகுதி தண்ணி. குடிக்கத் தொடங்கியதும் திரும்பி வந்துவிடும். நஞ்சு என்று ஒன்று இரத்தத்தில் இருந்தால் அதை இந்தத் தேநீர் தொடுவதே இல்லை. ஏற்கெனவே வெளியே போகக் காத்திருக்கிற கழிவை அவசரப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

உடம்பு என்ன செய்கிறது?

உடம்பில் கழிவு இல்லையா? இருக்கு. ஒவ்வொரு நிமிடமும் உண்டாகிறது. புரதம் செரிக்கும்போது அமோனியா வரும். ஈரல் அதை யூரியாவாக மாற்றும், சிறுநீரகம் அதை வெளியேற்றும். மதுவையும் வலிக் குளிசையையும் ஈரல்தான் படிப்படியாக உடைத்துத் தண்ணியில் கரையக்கூடியதாக ஆக்குகிறது. இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் நீரை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப உறிஞ்சி, ஒன்றிரண்டு லீற்றரை மட்டும் வெளியே விடுகின்றன. நாங்கள் நித்திரை கொள்ளும்போதும் இது நடக்கும். 10 நாள் சவாலுக்குக் காத்திருக்காது.

இந்த உறுப்புகள் உண்மையாகவே பழுதுபட்டால் அதற்கு மருத்துவம் இருக்கு. சிறுநீரகம் நின்றுபோனவருக்கு வாரத்துக்கு மூன்று தரம் டயாலிசிஸ். ஈயம் ஏறியவருக்கு, இரத்தத்தில் அளந்து பார்த்து, ஈயத்தைப் பிடித்து வெளியே கொண்டுவருகிற மருந்து. அதிகமாகக் குளிசை விழுங்கியவருக்கு, நேரத்தோடு கொண்டுவந்தால், அவசரப் பிரிவில் கரித்தூள். இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கு: என்ன நஞ்சு, எவ்வளவு என்று பெயர் சொல்லி அளக்கிறார்கள். டீடொக்ஸ் விற்கிறவர்களிடம் "எந்த நஞ்சு?" என்று கேட்டுப் பாருங்கோ. பிரிட்டனில் 2009-இல் 'சென்ஸ் எபவுட் சயன்ஸ்' அமைப்போடு சேர்ந்த இளம் விஞ்ஞானிகள் இதைத்தான் செய்தார்கள். 15 பொருட்களின் தயாரிப்பாளர்களைத் தொடர்புகொண்டு, டீடொக்ஸ் என்றால் என்ன, சான்று எங்கே என்று கேட்டார்கள். ஒத்துப்போகிற ஒரு விளக்கம்கூடக் கிடைக்கவில்லை.

எது எதில் ஆபத்து?

சென்னாத் தேநீரைச் சொல்லிவிட்டேன். பிரஷர், இதயம், சலரோகம் ஆகியவற்றுக்குக் குளிசை எடுக்கிறவர்களுக்கு அது இன்னும் மோசம். கருத்தடைக் குளிசை எடுக்கிற தோழர்களும் கவனிக்க வேணும்: கடும் வயிற்றோட்டத்தில் குளிசை உறிஞ்சப்படாமலே போய்விடலாம்.

பச்சை ஜூஸ்: கீரையிலும் பீட்ரூட்டிலும் ஒக்சலேற் என்ற பொருள் உண்டு. கறியாகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பயமில்லை. ஒரு கட்டுக் கீரையைப் பச்சையாக அரைத்து நாளுக்கு மூன்று தரம் குடித்தால் அது சிறுநீரகத்தில் படிகமாகப் படியலாம். இப்படி ஜூஸ் விரதத்துக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்தவர்களின் விவரங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கு. ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. எங்கட சமூகத்தில் சலரோகம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

மஞ்சள் குளிசை: கறிக்குப் போடுகிற மஞ்சளைப் பற்றி நான் கதைக்கவில்லை. செறிவாக்கி, நன்றாக உறிஞ்சப்படுவதற்காக மிளகுச் சத்தும் சேர்த்து விற்கிற குளிசைகளைச் சொல்கிறேன். இத்தாலியில் 2019-இலும், பிறகு அமெரிக்காவிலும், அவற்றால் ஈரல் அழற்சி வந்தவர்களின் விவரங்கள் பதிவாகியிருக்கு. கிறீன் ரீயைச் செறிவாக்கிய குளிசைகளும் அப்படித்தான். ஈரலைச் சுத்தம் செய்ய என்று விற்பதே ஈரலைக் கெடுக்கிறது.

பற்பம், செந்தூரம்: 2004-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பொஸ்ரன் பகுதியில் எங்கட தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14-இல் ஈயமோ, பாதரசமோ, ஆர்செனிக்கோ இருந்தது. ஐந்தில் ஒன்று. நஞ்சை எடுக்கப் போய் நஞ்சை வாங்கி வருகிற கதை. ஊரிலிருந்து யாராவது பெயர் ஒட்டாத பொட்டலம் கொண்டுவந்தால், குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

குடல் கழுவுதல், காப்பி எனிமா: உப்புச் சத்துகள் குழம்புவது, சூட்டுக் காயம், குடலில் ஓட்டை, தொற்று. 1980-இலேயே காப்பி எனிமாவோடு தொடர்புடைய இரண்டு மரணங்கள் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கு.

காலில் ஒட்டுகிற பட்டை: காலையில் கறுத்துப்போவது நஞ்சால் இல்லை. அதில் இருக்கிற மரக்காடி ஈரம் பட்டால் கறுக்கும். கால் வைக்கிற தொட்டித் தண்ணி பழுப்பாவது, உப்புத் தண்ணியில் இரும்பு கறள் பிடிப்பதால். கால் வைக்காவிட்டாலும் பழுப்பாகும். இதில் உடம்புக்குப் பெரிய கேடில்லை, காசுக்குத்தான் கேடு.

இவ்வளவையும் பயமுறுத்த எழுதவில்லை. ஒரு தரம் குடித்த எல்லாரும் விழப்போவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு முடியும். ஆனால் 60 பேருக்கு நாங்கள் விற்றால், அதில் யார் வீட்டில் அந்தத் தேநீரை எந்தக் குளிசை எடுக்கிற அம்மா குடிப்பா என்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பொறுப்பு எங்கட அமைப்பின் பெயரில்தான் விழும்.

நன்மை ஒன்றுமே இல்லையா?

கை தூக்கிய ஒரு தோழர் கேட்டார்: "நான் போன வருசம் செய்தனான். உண்மையிலேயே நல்லா இருந்தது. அது பொய்யா?"

பொய்யில்லை. அந்த 10 நாளும் அவர் குடிக்கவில்லை. கொத்துரொட்டியும் சோடாவும் இல்லை. நிறையத் தண்ணி, நேரத்துக்குப் படுக்கை, மரக்கறியும் பழமும். மலச்சிக்கலும் தீர்ந்தது. இத்தனையும் சேர்ந்தால் யாருக்கும் உடம்பு இலேசாகத்தான் இருக்கும். நன்மை இவற்றால் வந்தது, தேநீர் அதன் பெயரை எடுத்துக்கொண்டது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 2015-இல் டீடொக்ஸ் உணவுமுறைகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அவை நஞ்சை வெளியேற்றுகின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று எழுதினார்கள்.

விரதத்தையும் நான் குறை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு நேரம் சாப்பிடுவதோ, நோன்போ, தவக்காலமோ, சுகமாக இருக்கிற ஆளுக்கு ஆபத்தில்லை. அதற்கு உடம்பைத் தாண்டிய அர்த்தமும் உண்டு. சலரோகத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுக்கிறவர்கள் மட்டும் டொக்டரோடு கதைத்து அளவை மாற்றிக்கொள்ள வேணும். முன்பு சாப்பாட்டோடு மல்லுக்கட்டி மீண்ட தோழர்களும் எங்களுக்குள் இருக்கினம். அவர்களுக்கு "சவால்" என்ற சொல்லே பழைய கதவைத் திறந்துவிடும். அதை நாங்கள் யாரும் கூட்டத்தில் யோசிக்கவில்லை, நானும்தான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேணும். மருத்துவத்தில் "டீடொக்ஸ்" என்ற சொல்லுக்கு ஒரு உண்மையான பொருள் உண்டு: மதுவிலிருந்தோ போதைப்பொருளிலிருந்தோ உடம்பை மெல்ல விடுவிப்பது. பல வருசம் தினமும் நிறையக் குடித்த ஒருவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தம் கலங்குதல் எல்லாம் வரலாம். உயிரும் போகலாம். எங்கட வீடுகளில் அப்படி மாமாமார், சித்தப்பாமார் இருக்கினம். போர் கண்டவர்கள், முகாம் கண்டவர்கள், இங்கே தனி அறையில் குடிப்பவர்கள். "நாளையிலிருந்து ஒரு சொட்டும் இல்லை" என்று அவரை அறையில் பூட்டி வைக்காதீர்கள். நிறுத்த நினைப்பது நல்ல செய்தி, அதை டொக்டரோடு சேர்ந்து செய்ய வேணும். ஒன்ராறியோவில் 811-க்கு அழைத்தால் எந்த நேரமும் தாதி ஒருவரோடு கதைக்கலாம். வலிப்போ குழப்பமோ வந்தால் 911.

அப்ப நஞ்சு எங்க இருக்கு?

டீடொக்ஸ் வியாபாரம் இவ்வளவு நன்றாக ஓடுவதற்குக் காரணம், அது சொல்வதில் பாதி உண்மை. எங்களைச் சுற்றி நஞ்சு இருக்கு. மக்கள் அதை உணருகினம். வியாபாரம் செய்வது என்னவென்றால், அந்த நியாயமான பயத்தைப் பிடித்து உங்கட வயிற்றுக்குள் திருப்பிவிடுவது. குற்றவாளி நீங்கள், சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாத நீங்கள். பரிகாரம் 40 டொலர்.

ஒன்ராறியோவின் வடமேற்கில் கிராஸி நரோஸ் என்ற பூர்வகுடி மக்களின் ஊர் இருக்கு. மேலே டிரைடன் என்ற ஊரில் இருந்த காகித ஆலையின் இரசாயனப் பகுதி 1962-க்கும் 1970-க்கும் இடையில் சுமார் 9 தொன் பாதரசத்தை ஆற்றில் விட்டது. அது மீனில் ஏறி, மீன் பிடித்துச் சாப்பிட்ட மக்களில் ஏறியது. கை நடுக்கம், பார்வை குறுகுதல், நடை தள்ளாட்டம் இன்றும் தொடருகிறது. ஆற்றைத் துப்புரவாக்க 85 மில்லியன் டொலர் தருவதாக மாகாண அரசு 2017-இல்தான் ஒப்புக்கொண்டது. பாதரசம் நரம்பைத் தின்ற பிறகு எந்த ஜூஸ் கழுவும்? ரொறன்ரோத் தெருக்களில் அந்த மக்களோடு நடந்த தோழர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எங்கட ஊரைப் பாருங்கோ. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்து கிணறுகள் கெட்டன. மக்கள் பவுசரில் வந்த தண்ணிக்கு வரிசையில் நின்றார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஆறு இல்லை, கிணறுதான் உயிர். ரவீந்திர காரியவசம் என்ற சூழலியலாளர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பெயரைக் கவனியுங்கோ, தோழர்களே. 2019-இல் நீதிமன்றம் கம்பனியை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. காணாது என்பீர்கள், எனக்கும் அப்படித்தான். ஆனால் நஞ்சுக்கு ஒரு பெயரும் அதை விட்டவருக்கு ஒரு பெயரும் அங்கே எழுதப்பட்டது.

வென்ற கதையும் ஒன்று இருக்கு. வங்காளதேசத்தில் மஞ்சளுக்கு நல்ல நிறம் வர ஈயம் கலந்த சாயம் பூசினார்கள். கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இருந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 2019-இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 வீதத்தில் ஈயச் சாயம் இருந்தது. அரசு சோதனைகள் நடத்தி, தண்டம் விதித்து, செய்தித்தாள்களில் எச்சரித்தது. 2021-இல் அது 0. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் இரத்தத்திலும் ஈயம் குறைந்தது. ஒரு நாட்டு மக்களின் உடம்பிலிருந்து நஞ்சு குறைந்த விதம் இதுதான். யாரும் தேநீர் குடிக்கவில்லை.

கடைசியாக, நாங்கள் யாருக்காகக் காசு சேர்க்கப் போனோம்? துப்புரவுத் தொழிலாளர்களுக்கு. நோர்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 6,000-க்கு மேற்பட்டவர்களின் நுரையீரலை 20 வருசம் தொடர்ந்து அளந்த தரவுகளை வைத்து, 2018-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். துப்புரவு வேலை செய்த பெண்களின் நுரையீரல் வலு குறைந்த அளவு, 10 முதல் 20 வருசம் நாளுக்கு 20 சிகரெட் பிடித்ததற்கு ஒப்பானது. எங்கட அன்ரிமார் இரவில் அலுவலகக் கழிவறைகளில் தெளிக்கிற அந்த மருந்துதான் அது. பிளீச்சையும் அமிலக் கழுவியையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு வரும் என்று யாராவது தமிழில் அவவுக்குச் சொன்னார்களா? அவவுக்கு டீடொக்ஸ் தேநீர் வித்து வருகிற காசில் அவவுக்கே நிதி சேர்ப்பது எப்படிச் சரியாகும்? நான் கத்தினதற்குக் காரணம் இதுதான்.

என்ன செய்வம்?

எதிர்த்தவள் மாற்று யோசனை தர வேணும். மூன்று வைக்கிறேன்.

ஒன்று. இந்த வாரம் அம்மா, அப்பா, அம்மம்மா யாராவது ஒருவரோடு குசினியில் இருந்து, அவர்கள் எடுக்கிற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கோ. குளிசை, தேநீர், பொடி, எண்ணெய், ஊரிலிருந்து வந்த பொட்டலம், எல்லாம். திட்டாமல் கேளுங்கோ. திட்டினால் ஒளிப்பினம். அந்தத் தாளைப் பார்மசியில் காட்டுங்கோ. மருந்தாளரிடம் கேட்கக் காசு இல்லை. அம்மாவின் தாள் இப்ப எங்கட குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கு.

இரண்டு. வேலையிடத்தில் அவர்கள் பாவிக்கிற இரசாயனப் போத்தலின் லேபிளைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கோ. ஒன்ராறியோச் சட்டப்படி ஆபத்தான பொருள் ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் தாள் வேலையிடத்தில் இருக்க வேணும், தொழிலாளி கேட்டால் பார்க்கக் கொடுக்க வேணும். ஆபத்தான வேலையை மறுக்கிற உரிமையும் அவவுக்குச் சட்டத்தில் இருக்கு. வருகிற படங்களை வைத்து, அதிகம் பாவிக்கிற பத்துப் பொருட்களுக்குத் தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் செய்வம். மொழிபெயர்க்கக் கூடியவர்கள் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ.

மூன்று. 900 டொலர் எங்களுக்கு இன்னும் தேவை. அடுத்த மாதக் கடைசி ஞாயிறு கூழ் காய்ச்சுவம். ஒடியல் மா, மரவள்ளி, பயற்றங்காய், மீன். மரக்கறிக் கூழ் தனிப் பானையில். ஒரு கோப்பை 15 டொலர், 60 கோப்பை விற்றால் கணக்குச் சரி. டீடொக்ஸ் யோசனை கொண்டுவந்த அதே தோழர்தான் காசுப் பொறுப்பு. கேட்டேன், ஓம் என்றார். கூழ் கிண்டுகிற பொறுப்பை அம்மா எடுத்திருக்கிறா. இந்தத் தரம் நான் கூட்டத்தை விட்டுப்போட்டு அவவோட நிற்பன்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக